ஸ்கோன் ஏன் எழும்பவில்லை: மாவிலிருந்து ஜாம் வரை

மூன்று தடவை செய்தும் ஸ்கோன் (ஜாமும் கிரீமும் தடவித் தேநீரோடு சாப்பிடும், ஓவனில் சுட்ட சின்ன ரொட்டி) தட்டையாகவே வருகிறது, ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது, ஆறியதும் கல்லாக இறுகிப்போகிறது; கூட வைக்க ஜாம், கிரீம் எல்லாம் வீட்டிலேயே செய்ய முடியுமா என்பது கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஸ்கோன் ஒரு பக்கம், மேலே தடவுவது இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக யோசிப்பதில்தான் பாதித் தவறு ஆரம்பிக்கிறது. ஸ்கோனே தித்திப்பாக இருந்துவிட்டால், ஜாம் வைத்ததும் இரண்டாவது வாயில் திகட்டிவிடும். மாவில் இனிப்பு மங்கலாகவும், உப்பு இருப்பது தெரியும்படியும் இருக்கட்டும். இனிப்பைக் கொண்டுவரும் வேலை ஜாமுடையது.

முதலில் அளவு. எட்டு ஸ்கோனுக்கு: மைதா 300 கிராம், பேக்கிங் பவுடர் 15 கிராம் (தலைதட்டி அளந்தால் சுமார் மூன்றரை தேக்கரண்டி), பொடித்த சர்க்கரை 40 கிராம், உப்பு 3 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 75 கிராம், முட்டை ஒன்று, குளிர்ந்த பால் 120 மில்லி. மேலே தடவ ஒரு மஞ்சள் கருவும் ஒரு மேசைக்கரண்டிப் பாலும். முட்டை வேண்டாம் என்பவர்கள் அதற்குப் பதில் 50 மில்லி பால் கூடுதலாகச் சேர்க்கலாம். நிறம் கொஞ்சம் வெளிறும், மற்றபடி குறையில்லை. இதை எடைபோட்டுத்தான் செய்ய வேண்டும். கப்பை மாவுக்குள் அழுத்தி அள்ளினால் ஒரு கப்புக்கு 20, 30 கிராம் சுலபமாகக் கூடிவிடும். ஸ்கோன் வறண்டு இறுகுவதற்கு முதல் காரணம் அந்தக் கூடுதல் மாவுதான்.

மாவுப் பொட்டலத்தின் ஊட்டச்சத்துப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். 100 கிராமில் புரதம் 9, 10 கிராம் என்றால் நல்லது. 11, 12 என்று போட்டிருந்தால் அது ரொட்டிக்கு ஏற்ற மாவு. 30 கிராம் மாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) சேர்த்தால் மென்மை வரும். பேக்கிங் பவுடர் வீரியத்தோடு இருக்கிறதா என்று பார்க்க அரை தேக்கரண்டியை வெந்நீரில் போடுங்கள். உடனே பொங்கி நுரைக்க வேண்டும். சோம்பலாக நாலைந்து குமிழி மட்டும் வந்தால் அந்த டப்பாவைத் தூக்கிப்போடுங்கள், ஏனென்றால் ஸ்கோனை எழுப்ப வேறு ஆள் இல்லை. பழைய காலத்து ஸ்காட்லாந்து ஸ்கோன் ஓட்ஸ் மாவில் தட்டி, இரும்புக் கல்லில் சுட்ட தட்டை ரொட்டி. இன்று நாம் பார்க்கும் உயரமான ஸ்கோன், 1843-ல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் பேக்கிங் பவுடரை உருவாக்கியதற்குப் பிறகு வந்த வடிவம்.

இனி வெண்ணெய். இது ஃபிரிட்ஜிலிருந்து நேராக வர வேண்டும், சின்னச் சின்னக் கட்டியாக வெட்டி. மாவு, பவுடர், சர்க்கரை, உப்பு நான்கையும் அகலமான பாத்திரத்தில் சலித்து ஒன்றாகக் கலந்துவிட்டு வெண்ணெயைப் போடுங்கள். உள்ளங்கை படக்கூடாது; அதன் சூட்டில் வெண்ணெய் இளகிவிடும். விரல் நுனியால் கட்டியை மாவோடு சேர்த்து எடுத்து, கட்டை விரலால் மற்ற விரல்களின் மேல் தேய்த்து, உயரத்திலிருந்து திரும்பக் கீழே உதிர விடுங்கள். இப்படிப் பிசிறிக்கொண்டே வந்தால் மூன்று நான்கு நிமிடத்தில் மாவு ரொட்டித் தூள் மாதிரி சொரசொரப்பாகிவிடும்; இடையிடையே பட்டாணியில் பாதி அளவுக்குத் தட்டையான வெண்ணெய்ச் சில்லுகள் தென்படும். அந்தச் சில்லுகளை விட்டுவிடுங்கள். ஓவனில் அவை உருகும்போது அவற்றிலுள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைப் பிரித்துத் தூக்கும். எல்லாவற்றையும் தேய்த்து மணல் போல ஆக்கிவிட்டால் ஸ்கோன் கேக்கைப் போல நொறுங்கும், அடுக்கு வராது. மாவு மஞ்சளாகி விரலில் ஒட்ட ஆரம்பித்தால் வெண்ணெய் இளகிவிட்டது என்று அர்த்தம். பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஃபிரீசரில் வைத்து எடுத்துத் தொடருங்கள்.

பாலையும் முட்டையையும் அடித்துக் கலந்து, மாவின் நடுவில் குழி பறித்து ஒரே தடவையில் ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் முதலில் நனைந்த பகுதியை நீங்கள் கிளறிக்கொண்டே இருக்க நேரிடும். கையை விட்டுவிட்டு, முனை மழுங்கிய மேசைக் கத்தியால் வெட்டி வெட்டித் திருப்புங்கள். பதினைந்து இருபது திருப்பில் சேர்ந்துவிடும். இந்த இடத்தில்தான் பலரும் பயப்படுகிறார்கள்: மாவு ஒட்டுகிறதே, பிசுபிசுக்கிறதே என்று இன்னொரு பிடி மாவைத் தூவுகிறார்கள். தூவாதீர்கள். ஸ்கோன் மாவு ஒட்டத்தான் வேண்டும். சொரசொரப்பாக, சில இடங்களில் உலர்மாவு தெரிய, பார்ப்பதற்கு அரைகுறையாக இருக்கும் நிலைதான் சரியான நிலை. வழவழப்பாக உருட்டி எடுக்கும் அளவுக்குப் பிசைந்தால் மாவிலுள்ள புரதம் குளூட்டன் வலையாகப் பின்னிக்கொள்ளும். ரொட்டிக்கு அது உயிர். ஸ்கோனுக்கு அதுதான் ரப்பர்த்தன்மை.

பலகையில் லேசாக மாவு தூவி, கலவையை அப்படியே கவிழ்த்து, கையால் தட்டிச் சுமார் 3 சென்டிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். பாதியாக மடியுங்கள். 90 டிகிரி திருப்பி மறுபடி தட்டி மறுபடி மடியுங்கள். இவ்வளவுதான், இரண்டு மடிப்பு. பூரிக்கட்டை தேவையில்லை. வெந்த ஸ்கோனின் இடுப்பில் ஒரு பிளவு ஓடுமே, கத்தி இல்லாமலே இரண்டாகப் பிட்டு எடுக்க முடிகிற அந்தக் கோடு, அது இந்த மடிப்பிலிருந்து வருவது. கடைசியாகத் தட்டும்போது உயரம் 2.5 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. அளவுகோலை நிறுத்தியே பாருங்கள். கண்ணளவில் 2.5 என்று நினைப்பது பெரும்பாலும் 1.5 ஆகத்தான் இருக்கும். தட்டையாக வெட்டிய மாவு தட்டையாகத்தான் வேகும்.

ஸ்கோன் சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்டும் விதம். 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள, விளிம்பு கூரான உலோக வெட்டு வளையத்தை (குக்கீ கட்டர்) எடுத்து, மாவில் தோய்த்து, நேராகக் கீழே அழுத்தி நேராக மேலே எடுங்கள். அழுத்திவிட்டு ஒரு திருகு திருகும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. திருகினால் ஓரத்து அடுக்குகள் ஒன்றோடொன்று இழுபட்டு ஒட்டிக்கொள்ளும்; ஒட்டிய பக்கம் எழும்பாது, எழும்பும் பக்கம் அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். டம்ளரால் வெட்டினாலும் இதே கதைதான், அதன் மழுங்கிய விளிம்பு ஓரத்தை நசுக்கி மூடிவிடும். நல்ல வளையம் இல்லையென்றால் கூரான கத்தியால் சதுரமாக வெட்டுங்கள். ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை, மிச்சத் துண்டும் விழாது. வட்டமாக வெட்டினால் மிஞ்சும் துண்டுகளை உருட்டாமல், பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ஒருமுறை மட்டும் தட்டி வெட்டுங்கள். இந்த இரண்டாம் தடவை ஸ்கோன்கள் கொஞ்சம் கோணலாகத்தான் வரும்.

வெட்டியவற்றைத் தலைகீழாகத் திருப்பித் தட்டில் வையுங்கள். பலகையில் பட்டிருந்த அடிப்பாகம் சமமாக இருப்பதால் மேல்புறம் அழகாக வரும். ஒன்றுக்கொன்று ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். நெருக்கமாக இருந்தால் அகலத்தில் பரவாமல் உயரத்தில் ஏறும். மஞ்சள் கருக் கலவையை மேலே மட்டும் தடவுங்கள். பக்கவாட்டில் ஒரு சொட்டு வழிந்தாலும் அது வெந்து இறுகி, அந்தப் பக்கத்தைப் பசைபோட்டுப் பிடித்துக்கொள்ளும். தடவிய தட்டை 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெண்ணெய் மறுபடி இறுகும், மாவும் ஓய்வெடுக்கும். பவுடர் தீர்ந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பேக்கிங் பவுடர்கள் ஈரம் பட்டதும் ஒரு பங்கும், சூடு பட்டதும் மீதியும் என்று இரண்டு கட்டமாக வேலை செய்பவை.

ஓவன் 220 டிகிரி செல்சியஸ், விசிறி ஓடும் ஓவன் என்றால் 200. குறைந்தது 20 நிமிடம் முன்பே சூடாக்குங்கள். ஸ்கோன் எழும்புவது முதல் ஐந்தாறு நிமிடத்தில்தான். அதற்குள் கடும் சூடு கிடைக்காவிட்டால் வெண்ணெய் உருகித் தட்டில் வழிந்துவிடும், ஸ்கோன் அதில் பொரிந்து பிஸ்கட்டாகிவிடும். 12 முதல் 14 நிமிடம். மேல்புறம் ஆழ்ந்த பொன்னிறமாகவும், பக்கவாட்டு வெளிறி ஆனால் தொட்டால் ஒட்டாமலும் இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 95 டிகிரி. வெளியே எடுத்ததும் கம்பித் தட்டுக்கு மாற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். உடனே பிட்டால் உள்ளே வேகாததுபோல் பிசுபிசுப்பாகத் தோன்றும், உள்ளிருக்கும் ஆவி அடங்காததால். மேல்புறம் மெத்தென்று வேண்டுமென்றால் மெல்லிய துணியால் மூடி வையுங்கள்.

இன்னும் சில கோளாறுகள். மேலே பழுப்புப் புள்ளிகள் வந்தால் பவுடரோ சர்க்கரையோ சரியாகக் கலக்கவில்லை. சோப்பு வாடை அடித்தால் சமையல் சோடா கூடிவிட்டது. புளிப்புப் பொருள் இல்லாமல் சோடா மட்டும் போட்டாலும் அப்படித்தான். பாலுக்குப் பதில் தயிர் சேர்ப்பவர்கள் 120 கிராம் கெட்டித் தயிரை 40 மில்லி பாலில் தளர்த்தி, முட்டையோடு ஊற்றலாம். அப்போது பேக்கிங் பவுடரை 10 கிராமாகக் குறைத்து, சமையல் சோடா கால் தேக்கரண்டி சேர்த்தால் புளிப்பு சமனாகும். உலர்திராட்சை போடுவதானால் 75 கிராம், வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து நன்றாகத் துடைத்து. ஊறாத திராட்சை மாவின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; மேலே துருத்திக்கொண்டிருப்பது கருகிக் கசக்கும். வெண்ணெய் பிசிறவே அலுப்பாக இருந்தால், வெண்ணெய், பால், முட்டை மூன்றையும் விட்டுவிட்டு 35 சதவீதக் கொழுப்புள்ள குளிர்ந்த கிரீம் 330 மில்லி ஊற்றிக் கலக்குங்கள். அடுக்கு குறையும், மென்மை கூடும். முதல் முறை செய்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இனி மேலே வைப்பவை. முதலில் ஸ்ட்ராபெர்ரி ஜாம். ஸ்ட்ராபெர்ரியில் பெக்டின் குறைவு; ஜாமை இறுகவைப்பது அதுதான். பெக்டின் வலை பின்ன மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும்: போதுமான சர்க்கரை, போதுமான புளிப்பு, நீர் வற்றுதல். அதனால் 500 கிராம் பழத்துக்கு 400 கிராம் சர்க்கரை, 30 மில்லி எலுமிச்சைச் சாறு. பழத்தில் கால் பங்கு முழுதாகப் பழுக்காததாக இருந்தால் நல்லது, அதில் பெக்டின் அதிகம். காம்பு நீக்கி, பெரியதை நான்காக வெட்டி, சர்க்கரையும் சாறும் சேர்த்து இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் பழம் தன் சாற்றில் மிதக்கும். இப்படி ஊறிய துண்டு கொதிக்கும்போது குழையாமல் உரு நிற்கும்.

அகலமான, கனமான பாத்திரத்தில் மிதமான சூட்டில் சர்க்கரை முழுக்கக் கரையும்வரை கிளறுங்கள். கரையாமல் கொதிக்கவிட்டால் பின்னால் பாட்டிலுக்குள் கற்கண்டு போலப் படியும். கரைந்ததும் தீயைக் கூட்டுங்கள். ஜாம் வேகமாக வற்ற வேண்டும். நெடுநேரம் சிம்மில் வைத்தால் நிறம் செங்கல் ஆகும், பழ வாசம் போய்க் காய்ச்சிய சர்க்கரை வாசம்தான் மிஞ்சும். குமிழிகளைக் கவனியுங்கள். முதலில் வெளிர் நுரையாகப் பொங்கி எழும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நுரை அடங்கி, குமிழிகள் பெரிதாகி, பளபளப்போடு மெதுவாக வெடிக்கும், ஓசையே கனத்துவிடும். அப்போது வெப்பம் 104, 105 டிகிரியில் நிற்கும். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு அந்த எண் ஒத்துவராது. உங்கள் இடத்தில் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4, 5 டிகிரி மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணைவிட நம்பகமானது தட்டுச் சோதனை. இரண்டு சின்னத் தட்டுகளை முன்பே ஃபிரீசரில் வைத்திருங்கள். அடுப்பை அணைத்துவிட்டு (அணைக்காவிட்டால் நீங்கள் சோதிக்கும் நேரத்திலேயே பதம் தாண்டிவிடும்) ஒரு சொட்டு ஜாமைத் தட்டில் விட்டு ஒரு நிமிடம் பொறுத்து, விரலால் ஓரத்திலிருந்து தள்ளுங்கள். மேல்தோல் சுருங்கி மடிப்பு விழ வேண்டும். விரல் போன பாதை மூடாமல் நிற்க வேண்டும். ஓடிவந்து மூடிக்கொண்டால் இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு மறுபடி பாருங்கள். பதம் வந்ததும் பட்டாணி அளவு வெண்ணெய் போட்டுக் கிளறினால் மிச்ச நுரை கரையும். 10 நிமிடம் ஆறவிட்டுப் பாட்டிலில் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பழம் எல்லாம் மேலே மிதந்து, அடியில் வெறும் பாகு தங்கும். பாட்டிலை சோப்பு நீரில் கழுவி, 130 டிகிரி ஓவனில் 20 நிமிடம் வைத்துச் சூடாகவே நிரப்புங்கள். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தும் செய்யலாம், ஆனால் அது தளர்ந்துதான் இருக்கும், ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

அடுத்தது கிளாட்டட் கிரீம், அதாவது மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்துத் திரட்டிய கெட்டி கிரீம். இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன், கார்ன்வால் இரண்டு கவுண்டிகளின் பெருமை இது. கார்ன்வாலின் கிரீமுக்கு 1998-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் கிடைத்தது. அந்தப் பெயரில் விற்கக் குறைந்தது 55 சதவீதக் கொழுப்பு இருக்க வேண்டும். வீட்டில் செய்யத் தேவை பொறுமை மட்டும்தான். 35 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ள, சாதாரணமாகப் பாஸ்சரைஸ் செய்த கிரீம் அரை லிட்டர் எடுங்கள். மாதக்கணக்கில் கெடாத அட்டைப்பெட்டி கிரீமில் மிகுந்த சூடும், பெரும்பாலும் நிலைநிறுத்திகளும் பட்டிருக்கும். அது பிரிந்து திரளாது. அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, மூடாமல் 80 டிகிரி ஓவனில் 10 முதல் 12 மணி நேரம் வையுங்கள். கிளறவே கூடாது. மேலே மஞ்சள் தோல் பூத்து, அங்கங்கே சின்னப் பள்ளங்கள் விழும். வெளியே எடுத்து ஆறியதும், ஆட்டாமல் ஃபிரிட்ஜில் எட்டு மணி நேரம். பிறகு கரண்டியால் ஓரத்தைக் கிள்ளி, மேலடுக்கைப் பாளமாகத் தூக்குங்கள். அடியில் நீர்த்த பால் நிற்கும். அதைக் கொட்ட வேண்டாம், ஸ்கோன் மாவில் பாலுக்குப் பதில் ஊற்றலாம். கிரீம் நான்கைந்து நாள் தாங்கும்.

அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் மஸ்கார்போன் சீஸ் (மென்மையான இத்தாலியக் கிரீம் சீஸ்) 150 கிராமும் குளிர்ந்த கிரீம் 100 மில்லியும் சேர்த்து, கரண்டியில் நிற்கும் பதம்வரை அடிக்கலாம். ஒரு நிமிடம் கூடினாலும் மணல் மணலாகத் திரிந்துவிடும்.

லெமன் கர்டு (எலுமிச்சைச் சாறும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சும் தடவல், தயிர் இல்லை): முழு முட்டை 2, மஞ்சள் கரு 2, சர்க்கரை 130 கிராம், எலுமிச்சைச் சாறு 100 மில்லி, வெண்ணெய் 80 கிராம், இரண்டு பழத்தின் தோல் துருவல். துருவும்போது மஞ்சள் பூச்சு மட்டும் வரட்டும், வெள்ளைப் பகுதி கசக்கும். பொதுவாக முட்டையைச் சூட்டில் போட்டுக் கட்டி தட்டிவிட்டது என்பார்கள். வரிசையை மாற்றினால் போதும்: இளகிய வெண்ணெயையும் சர்க்கரையையும் முதலில் அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் சாறு. பார்ப்பதற்குத் திரிந்துபோனது மாதிரிதான் இருக்கும், பயப்படாதீர்கள். வெண்ணெய் உருகியதும் வழவழப்பாகிவிடும். கொதிக்கும் நீருக்கு மேல் பாத்திரத்தை வைத்து, அடி நீரில் படாமல், விடாமல் கிளறுங்கள். 77 டிகிரியில் கரண்டியின் முதுகில் பூச்சாகப் பிடிக்கும், விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்கும். கொதிக்கவிட்டால் முட்டைப் பொரியல்தான். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரமாக இருக்கட்டும். அலுமினியத்தில் புளிப்பு பட்டால் உலோக ருசி ஏறும். வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம்.

தேன் வெண்ணெய் ஐந்து நிமிட வேலை. உருகாமல் மெத்தென்று இருக்கும் வெண்ணெய் 100 கிராம், தேன் 35 கிராம், ஒரு சிட்டிகை உப்பு; வெளுக்கும்வரை அடிக்க வேண்டியதுதான். தேன் அதிகமானால் பிரிந்து கசியும்.

முதலில் ஜாமா, கிரீமா? டெவனில் கிரீம் முதலில், அதன்மேல் ஜாம். கார்ன்வாலில் நேர்மாறு. இந்தச் சண்டைக்கு அடுப்படியில் ஒரு நியாயமான பதில் உண்டு. ஸ்கோன் வெதுவெதுப்பாக இருந்தால் ஜாம் முதலில், இல்லையென்றால் கிரீம் உருகி உள்ளே இறங்கிவிடும். ஆறிய ஸ்கோனுக்குக் கெட்டியான கிளாட்டட் கிரீமை வெண்ணெய் போல அடியில் தடவி, ஜாமை மேலே வைக்கலாம். அடித்த கிரீம் ஜாமின் பாரத்தைத் தாங்காது. அதற்கு எப்போதும் ஜாம் கீழேதான். ஒரு ஸ்கோனுக்கு ஜாம் 20 முதல் 25 கிராம், கிரீம் 30 கிராமுக்குக் குறையாமல்.

பரிமாறும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே கிரீமை ஓவனில் வையுங்கள். அன்று இரவே பழத்தைச் சர்க்கரையில் ஊறப்போடுங்கள். முந்தின நாள் ஜாமும் கர்டும். ஸ்கோனை மட்டும் அன்றைக்கே சுட வேண்டும், மறுநாள் அது வறண்டுவிடும். வெட்டிய பச்சை ஸ்கோன்களை ஃபிரீசரில் ஒரு மாதம் வரை வைக்கலாம். உறைந்தபடியே 200 டிகிரியில் வைத்து, வழக்கத்தைவிட நான்கைந்து நிமிடம் கூட விடுங்கள். சுட்டது மிஞ்சினால் 160 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம். மைக்ரோவேவில் சுடவைத்தால் முதல் நிமிடம் மெத்தென்று இருக்கும், ஆறும்போது ரப்பராகிவிடும்.